அத்தை சொன்ன தேதி

பதினோரு மணிக்கு மருந்து வரும் என்று மருந்து கொடுக்கிற டெக்னீஷியன் பிரிட்டோ சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது பத்து பன்னிரண்டு. ஆக நாற்பத்தெட்டு நிமிஷம் இருக்கிறது, நாற்பத்தெட்டு நிமிஷத்தில் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதற்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாம், வாயைத் திறந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு செண்பகவல்லி கட்டில் விளிம்பில் வாயை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தாள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம், தாழ்வாரத்தின் கடைசி அறை. கதவுக்குள் ஈயத்தகடு வைத்திருந்தார்கள், சாத்தும்போது அது சத்தமே இல்லாமல் கனமாக வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே தலையணைக்குப் பாலித்தீன் உறை, டி.வி. ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை, சுவிட்சுக்கு, குழாய்த் திருகுக்கு, அவளுடைய செல்போனுக்குக்கூட. மருந்து உள்ளே போனதும் அவளுடைய எச்சில், வேர்வை, மூத்திரம் எல்லாவற்றிலும் அது கசியும். மூன்று நாள் யாரும் பக்கத்தில் வரக்கூடாது, தட்டு தனி, டம்ளர் தனி, துணி தனி. மூன்று நாள் ஒதுங்கி உட்காருவது அவள் குடும்பத்துப் பெண்களுக்கு ஒன்றும் புதிதில்லை, ஆனால் அதற்காக ஈயக் கதவு போட்டு யாரும் பார்த்ததில்லை. கழிவறைத் தண்ணீருக்குத் தனித் தொட்டியாம், ஊர்ச் சாக்கடையில் விடமாட்டார்களாம், மாதக்கணக்கில் பூட்டி வைத்து அடங்கிய பிறகுதான் திறப்பார்களாம். ஜனவரி கடைசியில் கழுத்தைக் கிழித்துத் தைராய்டை எடுத்தாயிற்று. கட்டி புற்று, நெறிகட்டுகளுக்கும் பரவியிருக்கிறது, மிச்சம் மீதி இருப்பதைக் கதிரியக்க அயோடின் தேடிப் போய்ச் சுடும் என்றார் டாக்டர். தேடிப் போய் என்கிற வார்த்தை அவளுக்கு அன்றைக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கு அதே வார்த்தை பிடிக்கவில்லை, ஏனென்றால் தேடிப் போகிற ஒன்று வழியில் எங்கெங்கே நுழைந்து பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்.

காலையில் பெயர் பதிகிற இடத்திலேயே சொல்லியிருக்கலாம். எஸ்தர் சிஸ்டர் நல்ல மாதிரி, முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள். படிவத்தை வைத்துக்கொண்டு, "கர்ப்பம் இல்லைல்லம்மா? கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்று தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். தாழ்ந்த குரலில் கேட்டு என்ன, பக்கத்தில் அத்தை நின்றாளே. ஆவுடையம்மாள் இருக்கிற இடத்தில் அவளைக் கேட்காத கேள்விக்கும் அவள்தான் பதில் சொல்லுவாள். "போன வெள்ளிக்கிழமை சிஸ்டர், பதினேழாம் தேதி. செவ்வாக்கிழமை கொடைக்கு மொளப்பாரி எடுத்தாள்லா, எனக்குத் தெரியாதா?" என்று பெருமையாகச் சொன்னாள். மருமகளுடைய மாதவிலக்குத் தேதி மாமியாரின் விரல் நுனியில் இருக்கிறது என்பதில் சிஸ்டருக்கே ஒரு சந்தோஷம். பதினேழு என்று எழுதினாள். குளித்து ஏழு நாள்தான் ஆகிறது, முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையும் இல்லை என்கிறது, போதும். அந்த இடத்தில் செண்பகவல்லி செய்தது ஒன்றுமே இல்லை, பேசாமல் நின்றாள், அவ்வளவுதான். பிறகு கையெழுத்துப் போட்டாள். பிறகு சேலையை மாற்றிப் பச்சை கவுனைக் கட்டிக்கொண்டாள். பிறகு தாலியையும் கம்மலையும் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாள், அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு படியிலும், இதோ இதை முடித்துவிட்டுச் சொல்லுவோம் என்று நினைத்தாள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் சொல்லுவது இன்னும் கொஞ்சம் சங்கடமாகிக்கொண்டே போயிற்று. பத்து மணிக்குக் கதவு வந்து உட்கார்ந்துகொண்டது.

பதினேழாம் தேதி அவள் குளித்தாள்தான், தலைக்குத்தான் குளித்தாள், வெள்ளிக்கிழமை என்பதால். அவ்வளவுதான் உண்மை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக அத்தை ஊரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து இறங்கியதும், காலைக் கழுவுவதற்கு முன்னாலேயே, "செவ்வாக்கெழமைக்குள்ள வந்துராதுல்லா? எதுக்கும் இதப் போட்டுக்கோ, ரெண்டு நாள் தள்ளிப் போகும்" என்று சுருக்குப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். தள்ளிப்போடுகிற மாத்திரை. அம்மன் கொடைக்கு, சபரிமலை மாலைக்கு, நாத்தனார் வீட்டுப் பால்காய்ப்புக்கு என்று அந்த வீட்டுப் பெண்கள் பொட்டுக்கடலை மாதிரி வாங்கி வைத்துக்கொள்கிற மாத்திரை. டாக்டரோ, அயோடின் எடுக்கிறவரைக்கும் வேறு எந்த மாத்திரையும் வாயில் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார். இதை அத்தையிடம் விளக்கப் போனால் விடியும். புற்று, கழுத்து, சுரப்பி, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அம்மன் காரியத்துக்கு அம்மனே காவல், இப்படிப் போகும். தலை ஈரமாக இருந்தது. "வேண்டாம் அத்தே, இப்பதான் முடிஞ்சு தலைக்கு ஊத்துனேன்" என்றாள். அத்தை ஈரத் தலையைப் பார்த்தாள், மாத்திரையைத் திரும்பப் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்தாள். எவ்வளவு சுளுவான பொய். வகுப்பில் பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லும்போது அவளுக்கு உடனே தெரிந்துவிடும், அவளுடைய பொய் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற கொடை, மூத்த மருமகள் முளைப்பாரி எடுக்காமல் வேறு யார் எடுப்பது. எடுத்தாள், தெருவெல்லாம் தலையில் வைத்துச் சுற்றி வந்தாள், கடைசிவரை தேதி வரவில்லை, தாயே காப்பாற்றிவிட்டாய் என்று கும்பிட்டாள். புதன் வரவில்லை. வியாழன் வரவில்லை. இன்றைக்கு வெள்ளி, இருபத்து நாலு. மார்ச் எட்டாம் தேதி வந்ததுதான் கடைசி. மார்ச்சில் எட்டு போக இருபத்து மூன்று, ஏப்ரலில் இருபத்து நாலு, கூட்டினால் நாற்பத்தேழு. மறுபடி கூட்டினாள். நாற்பத்தேழுதான். கூட்டலில் தப்பு இருக்காதா என்று ஆசைப்பட்டு விரல்விட்டு எண்ணினாள், விரல்களும் நாற்பத்தேழில்தான் வந்து நின்றன.

சுவரில் கதவுக்கு மேலே சின்னப் பெட்டி ஒன்று இருந்தது, சிவப்பில் எண்கள். 0.1 என்று காட்டும், கொஞ்ச நேரம் 0.2 என்று காட்டும், மறுபடி 0.1. ஒன்றுமில்லாத அறையிலும் கொஞ்சம் கதிர் இருக்கத்தான் செய்யும், சுவரில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது, வாழைப்பழத்தில்கூட இருக்கிறது என்று அவளே பத்தாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறாள். பதினொரு வருஷமாக அணுக்கரு பாடத்தை எடுக்கிறாள். பரீட்சை நெருங்கும்போது வருகிற பாடம், பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் கேட்கிற பாடம். அணு என்பது நம் பள்ளிக்கூட மைதானம் என்று வைத்துக்கொண்டால் நடுவில் கிடக்கிற ஒரு கடுகுதான் அணுக்கரு, எடையெல்லாம் அந்தக் கடுகில், மிச்ச மைதானம் வெறும் வெளி, ஓரத்தில் எலக்ட்ரான்கள் திரியும். அயோடினுக்கு ஐம்பத்து மூன்று புரோட்டான், அது மாறாது. உப்பில் இருக்கிற நல்ல அயோடினுக்கு எழுபத்து நாலு நியூட்ரான், இதற்கு எழுபத்தெட்டு. நாலே நாலு கூடுதல், அந்த நாலைத் தாங்க முடியாமல்தான் இவ்வளவு ஆட்டமும். அணுஉலையில் நியூட்ரான் மோதிப் பிறந்த அணு, ஒரு நாள் உள்ளேயிருக்கிற நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறிவிடும், பீட்டா துகளும் காமாக் கதிரும் தெறித்துக்கொண்டு வெளியே போகும், அயோடின் செனானாகிவிடும். அரை ஆயுட்காலம் எட்டு நாள். எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால், இருபத்து நாலு நாளில் அரைக்கால், எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு மதிப்பெண். ஜனவரி முதல் வாரத்தில் இசக்கிப்பிரியா எழுந்து நின்று, "டீச்சர், பாதி அணு மாறும், பாதி மாறாதுன்னா, எது மாறும்னு யாரு முடிவு பண்ணுவாங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை, எந்த அணு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, மொத்தத்தில் பாதி என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றாள் இவள். "அப்ப அந்த ஒரு அணுவுக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்று அது விடவில்லை. அன்று மாலைதான் கழுத்துக் கட்டியின் பரிசோதனை முடிவு வர இருந்தது. அது பரீட்சைக்கு வராது, உட்காரு, என்றாள். பிள்ளை உட்கார்ந்துவிட்டது. கேள்விதான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, யார் முடிவு பண்ணுவார்கள், ஏன் இவளுக்கு மட்டும்.

குளிர்ந்தது. வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்கும், இவளுக்குக் குளிர்ந்தது. தைராய்டு மாத்திரையை நிறுத்தி ஏழு வாரமாகிறது, உடம்பு பட்டினி கிடந்தால்தான் அயோடினை இழுத்துக் குடிக்குமாம், அதனால் முகம் ஊதி, குரல் தடித்து, ஒரு நினைப்பிலிருந்து அடுத்த நினைப்புக்குப் போவதற்குச் சேற்றில் காலை எடுத்து வைப்பதுபோல இருக்கிறது. அதனால்தான் தேதியும் தள்ளியிருக்கும். ஆமாம், அதனால்தான். மாத்திரை நிறுத்தினால் மாதம் தவறும் என்று டாக்டரே சொன்னார். தவிர, மகள் மதிவதனிக்கு ஒன்பது வயசு. ஒன்பது வருஷமாக அடுத்ததுக்கு எவ்வளவு பார்த்தார்கள், எவ்வளவு ஸ்கேன், திருச்செந்தூருக்கு எத்தனை நடை, அத்தை எத்தனை பேருக்கு எதிரில் பெருமூச்சு விட்டாள். ஒன்பது வருஷம் வராதது இப்போதா வரப்போகிறது. இப்போதா. அந்த ஒரு ராத்திரியிலா. நினைப்பு அங்கே போய் இடறிக்கொண்டு நின்றது. இந்த மருந்து முதலில் ஏப்ரல் ஆறாம் தேதி தருவதாகத்தான் இருந்தது. மூன்றாம் தேதி ரத்தம் எடுத்தார்கள், கர்ப்பம் இல்லை என்று வந்தது, அது சரியான முடிவுதான், அப்போது இல்லை. இனிமேல் மருந்து எடுக்கிறவரை ரெண்டு பேரும் தள்ளியே இருங்கள் என்று டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெட்டியெல்லாம் கட்டி வைத்த பிறகு, மும்பையிலிருந்து மருந்து கிளம்பவில்லை, இருபத்து நாலாம் தேதி வாருங்கள் என்று போன் வந்தது. தூக்குத் தண்டனையை ஒத்திப்போட்ட மாதிரி ஒரு சந்தோஷம். அன்றைக்கு அவர் அழுதார். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற மனுஷன், பதினாறு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை, அடுப்படியில் நின்றபடியே அவள் கழுத்துத் தழும்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அதற்கப்புறம் எங்கே தள்ளி இருக்க. ஐந்தாம் தேதியிலிருந்து இருபத்து நாலு, பத்தொன்பது நாள். மூன்றாம் தேதி எடுத்த ரத்தத்துக்கு ஐந்தாம் தேதி நடந்தது எப்படித் தெரியும். அந்தக் காகிதம், கர்ப்பம் இல்லை என்று சொல்லிக்கொண்டு கோப்புக்குள் அப்படியே படுத்திருக்கிறது.

செல்போன் பாலித்தீனுக்குள்ளிருந்து நடுங்கியது. அவர்தான், கோமதிநாயகம். பத்து இருபத்தொன்பது. உறை மேலேயே விரலை அழுத்தி எடுத்தாள். "என்ன செய்த? பயமா இருக்கா?" என்றார். இல்லை என்றாள். சொல்லிவிடு, இப்போது சொல்லு, அவரிடம் சொல்லிவிட்டால் அவர் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவார், உனக்கு வாயே வலிக்காது. "ஏங்க," என்றாள். "ம்?" என்றார். அந்த ம்-முக்குப் பின்னால் கேண்டீன் தட்டுகளின் சத்தமும் இட்லிக்கு யாரோ டோக்கன் கேட்கிற சத்தமும் கேட்டன. அவருக்கு போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும். "ஏங்க, நீங்க தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டாள். "இல்ல, அம்மா பக்கத்துலதான் இருக்காவ, இந்தா பேசு" என்றார். "ஏ செண்பகம், தைரியமா முழுங்கு, கேட்டியா? அம்மனுக்குச் சுத்தபத்தமா மொளப்பாரி எடுத்திருக்க, ஒனக்கு ஒண்ணும் வராது. நான் வேண்டியிருக்கேன்" என்றாள் அத்தை. அந்தக் குரலில் நிஜமான பிரியம் இருந்தது, அதுதான் தொல்லை, கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். சரி அத்தே, என்றாள். "மதி காலைல இருந்து நாலு தடவ கேட்டுட்டா, அம்மாவுக்கு மருந்து குடுத்தாச்சா, சரியாயிருமான்னு" என்றார் அவர். "சரியாயிரும்னு சொல்லிட்டேன்." வைத்துவிட்டார். வைத்த பிறகு ஏங்க என்று இன்னொரு தடவை சொன்னாள், பாலித்தீன் உறைக்குள் அவள் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் எஸ்தர் சிஸ்டரின் மேஜையில் மணி அடிக்கும். அழுத்தினாள். "சொல்லுங்கம்மா" என்றது சுவர். சிஸ்டர், அந்தத் தேதி. சிஸ்டர், அந்த பதினேழு. சிஸ்டர், எங்க அத்தைக்கு நான். எந்த வாக்கியமும் உருப்படியாக வரவில்லை, ஒவ்வொன்றும் பாதியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "என்னம்மா, தண்ணி வேணுமா?" "ஆமா சிஸ்டர், தண்ணி" என்றாள். "கட்டிலுக்குக் கீழ ஆறு பாட்டில் வச்சிருக்கேன் பாருங்க, நல்லா குடிக்கணும்" என்றது சுவர். குனிந்து பார்த்தாள், ஆறு பாட்டில் இருந்தது. முப்பத்தாறு வயசு, ஒரு கையில் சாக்பீஸோடு ஐம்பது பிள்ளைகளை அடக்குகிறவள், தண்ணீர் கேட்டிருக்கிறாள். பத்து நாற்பது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று வரிசையாக நினைத்துப் பார்க்க முயன்றாள், வரிசை நிற்கவில்லை. சொன்னால் மருந்தைத் திரும்ப எடுத்துப் போவார்கள். நூறு மில்லிகியூரி, ஒரு நொடிக்கு முந்நூற்று எழுபது கோடி அணுக்கள் உடைந்துகொண்டிருக்கிற மருந்து, அவளுடைய எடைக்கும் நோய்க்கும் என்று வரவழைத்தது. அது யாருக்காகவும் காத்திருக்காது, அடுத்த வாரம் சனிக்குப் பாதி தீர்ந்திருக்கும், அதற்கடுத்த வாரம் ஞாயிறுக்குக் கால்தான் மிச்சம். சோதித்துப் பார்ப்பார்கள். இல்லை என்று வந்தால் அத்தை முன்னால் பொய்க்காரி, அதோடு போகும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். இருக்கிறது என்று வந்தால்? பத்து மாதம், அப்புறம் பால் கொடுக்கிற மாதங்கள், அதுவரை அயோடின் கிடையாது, நெறிகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது சும்மா இருக்குமா. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். யுரேனியம் பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான் வெளியே வரும், அது ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பிளக்கும், தடுக்க ஒன்றும் இல்லையென்றால் நிற்காது என்று கரும்பலகையில் கிளை கிளையாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள், சாக்பீஸ் உடைகிறவரைக்கும் போட்டிருக்கிறாள். அந்தக் கிளைகள் இப்போது அவள் கழுத்துக்குள் படர்ந்தன. மதிக்கு அம்மா வேண்டும், ஒன்பது வயசுப் பிள்ளை, சரியாயிருமா என்று நாலு தடவை கேட்ட பிள்ளை. ஆனால் வயிற்றிலும் அதே கணக்குத்தானே நடக்கும், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பத்தொன்பது நாளாக. அதற்கு இன்னும் கையில்லை, காலில்லை, அம்மா என்று கேட்க வாயில்லை. கர்ப்பமாக இருந்தால் கொடுக்கவே கூடாது, தங்காது, தங்கினாலும் நல்லபடியாக இருக்காது என்று டாக்டர் முதல் நாளே சொன்னார், அப்போது அது வேறு யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது. ஒன்பது வருஷம் எந்த வாசலிலெல்லாமோ கேட்டுவிட்டு, வந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல், தண்ணீரோடு ஒரு மிடறில். கடைசியில் அவள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். பிரிட்டோ சார் வந்ததும் கடைசியாக ஒரு தடவை கேட்பார், கேட்காமல் கொடுக்கமாட்டார், சட்டமே அப்படி. கேட்டால் சொல்லிவிடுவது. கேட்காவிட்டால்? கேட்பார். இந்த முடிவு வந்ததும் நெஞ்சுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது, தன் தலையில் இருந்த பாரத்தை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்ட எல்லோருக்கும் கிடைக்கிற அதே சுகம்தான்.

பத்து ஐம்பத்து மூன்றுக்குச் சுவர்ப் பெட்டியில் 0.2 என்பது 0.4 ஆயிற்று. தாழ்வாரத்தில் சக்கரச் சத்தம் எதுவும் இன்னும் கேட்கவில்லை. 0.9. கதவு இருக்கிறது, கதவுக்குள் ஈயம் இருக்கிறது, வருகிறது ஈயக் கலயத்துக்குள் இருக்கிறது, அத்தனையையும் தாண்டிக்கொண்டு எண் ஏறியது. 2.3. இப்போது சக்கரச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிரிட்டோ சார் தள்ளுவண்டியை நீளக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார், தூத்துக்குடிக்காரர், நெஞ்சில் ஒரு சின்னப் பட்டை குத்தியிருந்தது, அவர் வாங்குகிற கதிரைக் கணக்கு வைக்கிற பட்டை. தரையில் மஞ்சள் கோடு போட்ட இடம்வரை வந்து வண்டியை அவள் பக்கம் உந்திவிட்டுப் பின்னால் போய்ச் சக்கரம் வைத்த ஈயத் தட்டிக்குப் பின்னே நின்றுகொண்டார். எல்லாம் வேகம் வேகமாக. அவருக்கு நேரம்தான் எல்லாம், பக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு உண்டு என்று அவளுக்கும் தெரியும். "டீச்சர், நல்லா இருக்கீங்களா? வாந்தி வர்ற மாதிரி ஏதும் இருக்கா?" என்றார். இல்லை என்றாள். "காலைல எதுவும் சாப்பிடலைல்ல?" இல்லை என்றாள். "அப்ப சரி. மூடியக் கழட்டிட்டேன், உள்ள ஒரு குழாய் நிக்குது பாருங்க, அதை எடுத்து அப்படியே வாய்க்குள்ள சாய்ச்சிருங்க, கேப்ஸ்யூலைக் கையால தொட வேண்டாம். மெல்லக் கூடாது. தண்ணி குடிச்சு முழுங்கிருங்க." அவள் காத்திருந்தாள். கேளுங்கள் சார். "என்ன டீச்சர், பயமா? நீங்க பாடம் எடுக்கிற சமாச்சாரம்தானே" என்று சிரித்தார். கேளுங்கள். படிவத்தில் பதினேழு என்று இருக்கிறது, எஸ்தர் சிஸ்டர் கேட்டுவிட்டாள், டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், எல்லோரும் கேட்டு முடித்தாயிற்று, அவர் எதற்குக் கேட்கப்போகிறார். சுவர்ப் பெட்டி மூன்று இலக்கத்துக்குப் போய்விட்டது. அவளுடைய கை போய்க் குழாயை எடுத்தது. பதினொரு வருஷமாகப் பிள்ளைகளைச் சொன்னபடி கேட்க வைத்த கை, சொன்னபடி கேட்டது.

நாக்கில் ஒன்றுமே தெரியவில்லை. சுவை இல்லை, சூடு இல்லை, வைட்டமின் மாத்திரை அளவுக்கு வழுவழுப்பாக ஒரு பொருள். இவ்வளவுதானா என்று இருந்தது, அதுவே அவளைப் பிடித்து உலுக்கியது, இவ்வளவு லேசாகவா. "தண்ணி, டீச்சர்" என்றார் தட்டிக்குப் பின்னாலிருந்து. பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், வாய் அருகே கொண்டுபோனாள். எச்சில் ஊறியது. விழுங்கினால் இனி யாரும் எப்போதும் கேட்கமாட்டார்கள், பதினேழாம் தேதி நிஜமாகிவிடும், சில நாள் கழித்து ரத்தம் போனால் அது மாதாந்திரம்தான் என்று அவளே சொல்லிக்கொள்வாள், அத்தை ஏதாவது கஷாயம் வைத்துக் கொடுப்பாள், அவர் கைக்குட்டையை அவிழ்த்துத் தாலியைத் திரும்பத் தருவார். யாருக்கும் தெரியாது. அவளுக்கும்கூடத் தெரியாது, எந்தக் காலத்திலும் தெரியாது. அவளுக்குப் பயமாக இருந்தது. புற்று என்று சொன்ன அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை. "முழுங்கிட்டீங்களா டீச்சர்? வாயைத் திறந்து காட்டுங்க" என்றார். வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து அது வலது உள்ளங்கையில் விழுந்தது. கூடவே எச்சில் வழிந்தது, இடது புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "சார், அந்தத் தேதி பொய் சார்" என்றாள்.

"எந்தத் தேதி?" என்றவர் அவள் கையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். "பதினேழு. எங்க அத்தைக்குச் சொன்னது. நான் குளிக்கல. நாப்பத்தேழு நாளாச்சு சார்." "வாயில எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நாளை எண்ணினாள், நிமிஷத்தை எண்ணினாள், நியூட்ரானைக்கூட எண்ணினாள், அதை மட்டும் எண்ணவில்லை. உள்ளங்கையில் கிடந்த கேப்ஸ்யூலின் ஒரு ஓரம் இளகி, பளபளவென்று தோலோடு ஒட்டியிருந்தது. "தெரியல சார்" என்றாள். "அசையாதீங்க. எச்சியை முழுங்காதீங்க, துப்பிருங்க. கையை நீட்டுங்க, உடம்பை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்" என்று கத்திக்கொண்டே அவர் இடுக்கியைத் தேடினார், மணியை அடித்தார், எஸ்தர் என்று கூப்பிட்டார். அவள் துப்பினாள். வலது கையைத் தோள் வலிக்க வலிக்க நீட்டினாள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. கை அதற்கு மேல் நீளவில்லை. இடது கை தன்னால் வயிற்றுப் பக்கம் போனது. எச்சிலைத் துடைத்த கை அதுதான் என்று நினைவு வந்ததும் பாதி வழியில் நிறுத்தி, அதையும் உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டு நின்றாள்.